கோவை எங்கே முடிகிறது, திருப்பூர் எங்கே தொடங்குகிறது?

கோவை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது பலரையும் குழப்பியது ஓர் எண். 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கைப்படி ஒரு நகரத்தில் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டும். கோவையில் அவ்வளவு பேர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மாநகராட்சி எல்லையை வைத்து எண்ணினால் 2011-இல் கோவை அந்த அளவைத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே 2011 கணக்கெடுப்பில் ‘கோவை நகர்ப்புறத் திரள்’, அதாவது மாநகராட்சியும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த தொகுப்பு, 21 லட்சத்துக்கும் மேல். இரண்டுமே அரசாங்கக் கணக்கு, இரண்டுமே சரி. எந்தக் கோட்டுக்குள் நின்று தலை எண்ணினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

திட்டமிட்ட மெட்ரோவின் ஒரு முனை நீலாம்பூர். அது மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் ஊராட்சி. அதாவது ரயில் ஓட வேண்டிய ஊரும், ரயிலுக்காக எண்ணப்பட்ட ஊரும் ஒன்றல்ல. மெட்ரோ வருமா வராதா என்பதை ஒதுக்கிவிட்டு, இந்தக் குழப்பத்தின் அடியில் இருப்பதைப் பார்ப்போம்: கோவை, திருப்பூர், ஈரோடு என்று பெயர் வேறாக நிற்கும் ஊர்கள் எப்படி ஒன்றோடொன்று வளர்ந்து சேர்கின்றன, சேர்வது எது, சேராமல் நிற்பது எது?

ஒரு நகரம், ஐந்து கோடுகள்

‘நகரம்’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்கு அரசாங்க ஏட்டில் குறைந்தது ஐந்து எல்லைகள் உண்டு.

1. உள்ளாட்சி எல்லை. சொத்து வரி, குப்பை, தெருவிளக்கு எல்லாம் இதற்குள். கோவை 1866-இல் நகராட்சி, 1981-இல் மாநகராட்சி. நெடுங்காலம் சுமார் 105 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி போன்ற பேரூராட்சிகளும் சேர்ந்து சுமார் 257 சதுர கிலோமீட்டர், 100 வார்டுகள் ஆனது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், ஏட்டில் ‘கோவை மாநகராட்சி’ என்று பதிவானது பழைய எல்லைக்குள் இருந்த 10.5 லட்சம் பேர் மட்டுமே.

2. கணக்கெடுப்பு நகரம். நிர்வாகத்தில் இது ஊராட்சிதான். ஆனால் 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் என்ற மூன்றும் பொருந்தினால் கணக்கெடுப்புத் துறை அதை நகரமாக எண்ணிக்கொள்ளும். ஊராட்சிக்கு இதனால் ஒரு பைசா கூடுதலாக வராது. ஆண்களை மட்டும் எண்ணும் இந்த அளவுகோல் கொங்குப் பகுதிக்குச் சற்றும் பொருந்தாதது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் பெண்கள்தாம் பெரும் பங்கு.

3. நகர்ப்புறத் திரள். சட்டப்படியான நகரம் ஒன்று நடுவில் இருக்க, அதை ஒட்டிய ஊர்களும் புறவளர்ச்சிகளும் இடைவெளி விடாமல் தொடர்ந்தால் அந்தத் தொகுப்பு திரள் எனப்படும். 2011-இல் கோவைத் திரள் 21 லட்சத்துக்கு மேல், திருப்பூர்த் திரள் 9.6 லட்சம், ஈரோட்டுத் திரள் 5.2 லட்சம். மூன்றும் தனித்தனியாகவே எண்ணப்பட்டன.

4. திட்டப் பகுதி. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, எந்த நிலம் குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம் என்று வண்ணம் தீட்டும் எல்லை. கோவை முழுமைத் திட்டம் 1994-இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த வரைவு வெளிவந்தது 2024-இல். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் ஊர் வளர்ந்தது பழைய வரைபடத்தின் மேல்.

5. பெருநகரப் பகுதி. அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் தந்த சொல். 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள், ஒன்றோ பலவோ மாவட்டங்கள், இரண்டுக்குக் குறையாத உள்ளாட்சிகள். இவற்றைச் சேர்த்து ஆளுநர் அறிவிக்கை வெளியிட வேண்டும். அப்படி அறிவித்தால் பெருநகரத் திட்டக் குழு ஒன்று அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், அந்தப் பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்கள். மாவட்ட எல்லையைத் தாண்டலாம் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்லும் ஒரே கோடு இதுதான்.

ஊர்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து கலப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கானர்பேஷன்’ என்று 1915-இல் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ். அதே ஆண்டுகளில் அவர் மதுரை உள்ளிட்ட சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் செய்தி.

கிழக்கே மட்டும் ஏன்?

கோவையின் மேற்கிலும் வடமேற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை. மலையடிவார கிராமங்கள் பல மலைதளப் பாதுகாப்புக் குழும விதிகளுக்குள் வருபவை. பெரிய கட்டடத்துக்கு அனுமதி எளிதில் கிடைக்காது. காடு, யானைத் தடம், வாளையாறு தாண்டினால் கேரளம். ஆகவே ஊர் பெருக வேண்டுமானால் கிழக்கும் தெற்கும்தான். கிழக்கே 50 கிலோமீட்டரில் திருப்பூர், அதற்கும் கிழக்கே இன்னொரு 50 கிலோமீட்டரில் ஈரோடு.

இந்தக் கிழக்கு வழியில் மூன்று தடங்கள் ஒன்றுக்கொன்று அதிக விலகலின்றி ஓடுகின்றன. வடக்கே அவினாசி சாலை: பீளமேடு, சின்னியம்பாளையம், நீலாம்பூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர், அவினாசி, பெருமாநல்லூர், பெருந்துறை. தெற்கே திருச்சி சாலை: சிங்காநல்லூர், சூலூர், காரணம்பேட்டை, பல்லடம். நடுவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே போடப்பட்ட ரயில் பாதை: இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம், திருப்பூர், ஊத்துக்குளி, ஈரோடு. ஏணியின் இரு சட்டங்கள்போல இரண்டு சாலைகள். கருமத்தம்பட்டி–சோமனூர்–காரணம்பேட்டை, அவினாசி–திருப்பூர்–பல்லடம் போன்ற குறுக்குச் சாலைகள் படிகள். ஒற்றைச் சாலையாக இருந்திருந்தால் கடைவரிசைதான் நீண்டிருக்கும். படிகள் இருப்பதால் நடுவயிற்றுப் பகுதியும் நிரம்புகிறது.

ஒரு ‘பிரிவு’ ஊராகும் விதம்

கொங்கு நாட்டில் நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வண்டித்தடம் பிரியும் இடத்துக்குப் ‘பிரிவு’ என்று பெயர். பஸ் நடத்துநர் வாயில் பாதி ஊர்கள் பிரிவுகள்தாம். நகரம் பரவுவது மாநகராட்சி எல்லையிலிருந்து அலைபோல அல்ல. சாலையோரத்தில் இருக்கும் இந்தப் பிரிவுகளில்தான் முதலில் ஊன்றுகிறது. படிகள் பெரும்பாலும் இப்படி:

1. கிணறு வற்றி, போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டுகிறது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. தோட்டத்தின் ஓரத்தில் தறி குடோனோ கோழிப்பண்ணையோ எழுகிறது. நிலம் இன்னும் குடும்பத்திடமே.

2. பிரிவில் டீக்கடை, பஞ்சர் கடை, லேத் பட்டறை. பின்னால் ஒரு மில் அல்லது கல்லூரி பத்து இருபது ஏக்கரை மொத்தமாக வாங்குகிறது. அதற்கென்று உயரழுத்த மின் இணைப்பும் அகலமான தார்ச்சாலையும் வருகின்றன.

3. நிலத்தின் விலை ஏக்கரில் பேசப்பட்டது, சென்ட்டில் பேசப்படத் தொடங்குகிறது. இதுதான் திரும்பிப் போக முடியாத புள்ளி. சென்ட் விலை வந்துவிட்ட நிலத்தில் சோளம் விதைத்து எந்தக் கணக்கும் கட்டாது.

4. லேஅவுட். ஐந்து ஏக்கர், அதாவது 500 சென்ட் நிலம் என்று வைத்துக்கொள்வோம். சாலைகளுக்கு 130 சென்ட் போனால் மீதி 370. அதில் பத்தில் ஒரு பங்கு, 37 சென்ட், பூங்காவுக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். விற்க மிஞ்சுவது 333 சென்ட், மூன்றில் இரண்டு பங்கு. இந்த மூன்றில் ஒரு பங்கை இழக்க மனமில்லாதவர்கள்தாம் அங்கீகாரமில்லா மனைகளைப் போட்டுத் தள்ளினார்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது கோவை, திருப்பூர்ச் சுற்றுவட்டாரம் திணறியது இதனால்தான்.

5. ஊராட்சி பேரூராட்சியாகிறது, பேரூராட்சி நகராட்சியாகிறது. கருமத்தம்பட்டியும் திருமுருகன்பூண்டியும் 2021-இல் நகராட்சிகளாயின. நிர்வாகம் எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும்.

இதில் பெரும் பழுது நான்காவது படியில் நேர்கிறது. ஒவ்வொரு லேஅவுட்டும் தன்னளவில் விதிப்படி சரி: 23 அடி, 30 அடிச் சாலை, மூலையில் பூங்கா. ஆனால் ஒருவர் போட்ட சாலை அவர் வேலியோடு நின்றுவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் ஐந்தாண்டு கழித்து லேஅவுட் போடும்போது அவர் சாலை பத்தடி தள்ளி வரும். நடுவில் ஒரு சுவர். இப்படி இருபது லேஅவுட்டுகள் சேர்ந்தால் இரண்டாயிரம் வீடுகள் இருக்கும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் 60 அடிச் சாலை ஒன்றுகூட இருக்காது. எல்லா வண்டியும் பிரிவுக்கு வந்து நெடுஞ்சாலையில் ஏறியே ஆக வேண்டும். முழுமைத் திட்டத்தில் இணைப்புச் சாலைகளுக்குக் கோடு போட்டிருந்தாலும், நிலம் எடுக்கப் பணம் ஒதுக்காவிட்டால் அது வெறும் கோடு. அவினாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் கட்ட வேண்டி வந்ததற்கு வண்டிகள் பெருகியது ஒரு காரணம். மாற்றுச் சாலை முளைக்காதது இன்னொரு காரணம்.

நூல் மூட்டையைப் பின்தொடர்ந்தால்

ஊர்களைச் சேர்ப்பது கட்டடத்தைவிடச் சரக்கு. 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக எழுந்த மில்களும் கோவையை நூல் ஊராக்கின. நூல் வாங்கிப் பின்னியது திருப்பூர். நெய்தது சோமனூர், பல்லடம், மங்கலம். துணியைச் சந்தையில் விரித்து விற்றது ஈரோடு. போர்வைக்குச் சென்னிமலை, ஜமக்காளத்துக்குப் பவானி.

ஒரு மூட்டை கோன் நூல் அன்னூர்ப் பக்கத்து மில்லில் லாரி ஏறுகிறது. திருப்பூரில் நிட்டிங். பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அது ஊருக்குள்ளும் இருக்கலாம், பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையிலும் இருக்கலாம். திரும்பி வந்து காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங். தையல் பாதி கம்பெனியில், பாதி ஜாப் ஒர்க், அதாவது வெளியில் கூலிக்குத் தைக்கக் கொடுப்பது. அந்த ஜாப் ஒர்க் தையல் கூடம் பல்லடத்திலோ காங்கேயத்திலோ ஊத்துக்குளியிலோ இருக்கும், ஏனென்றால் தைக்க வரும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். மறுபடி திருப்பூர் வந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு பனியன் பெட்டிக்குள் போகுமுன் ஆறேழு முறை வண்டி ஏறி இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு பயணமும் டெலிவரி சலானோடு நடக்கும் பத்து முப்பது கிலோமீட்டர். இந்தச் சிறு பயணங்கள் ஒரு நாளைக்குள் முடிகிற தூரத்துக்குள் எல்லாப் பட்டறைகளும் இருந்தாக வேண்டும் என்பதே இந்தப் பகுதியை ஒட்டவைத்திருக்கும் பசை.

2009 பிப்ரவரியில் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. சோமனூர் கோவையில் நின்றது; பல்லடம், அவினாசி, மங்கலம் திருப்பூருக்குப் போயின. ஆனால் கூலித் தறிக்காரர்களின் சங்கங்கள் இன்றும் ‘கோவை, திருப்பூர் மாவட்ட’ என்றே சேர்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. சோமனூர் ரகத்துக்கு ஒரு கூலி, பல்லடம் ரகத்துக்கு ஒரு கூலி என்று பேரம் நடந்தாலும், பேச்சுவார்த்தை மேசை ஒன்றுதான். பாவு நூல் கொடுப்பவரும் அதைக் கூலிக்குத் தறியில் ஓட்டுபவரும் மாவட்டக் கோட்டின் இரு பக்கமும் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் கூலி உயர்த்த முடியாது.

ஆள் ஓட்டம்

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (OECD) ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறது: ஓர் ஊரில் வேலைக்குப் போவோரில் 15 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் மைய நகரத்துக்குத் தினமும் போய் வந்தால், அந்த ஊர் மைய நகரத்தின் பகுதி. கட்டடம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் சட்டம் இப்படி எதையும் கேட்பதில்லை. நமது திரள் கணக்கு கட்டடத் தொடர்ச்சியைத்தான் பார்க்கிறது.

இங்கே ஓட்டம் ஒரே மையத்தை நோக்கியதல்ல. காலையில் திருப்பூர் கம்பெனி வேன்கள் அவினாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்து ஊர்களுக்குள் போய் ஆள் ஏற்றி வருகின்றன. அதே நேரத்தில் அவினாசிப் பக்கத்துப் பிள்ளைகள் கோவைக் கல்லூரிகளுக்கும், பொறியாளர்கள் சரவணம்பட்டி, காளப்பட்டிக்கும் எதிர்த் திசையில் போகிறார்கள். விமான நிலையம் பீளமேட்டில், அதாவது கோவையின் திருப்பூர்ப் பக்கத்தில். பெரிய மருத்துவமனைகள் பலவும் அவினாசி சாலையில். நடுவில் இருக்கும் கருமத்தம்பட்டிக்காரருக்கு இரண்டு ஊரும் வேலைச் சந்தை. இரண்டு மையங்களின் ஆள் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும்போது, அவை இரண்டு நகரங்களாக இருப்பது பெயரில்தான்.

இதைத் தாங்கும் ரயில் வழியிலோ போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே பாதைகள். கேரளத்துக்குப் போகும் விரைவு ரயில்கள் பலவும் சரக்கு ரயில்களும் அதில்தான். கடைநிலை நிலையங்களில் நிற்கும் ரயில்களை அடிக்கடி விட வேண்டுமானால் கூடுதல் பாதை வேண்டும். 2025–26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் இடையே 185 கிலோமீட்டருக்கு மித அதிவேக ரயில் பாதைக்கான சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது இந்தப் பின்னணியில். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகம் கூடக் கூட நிறுத்தங்கள் குறையும். சோமனூர், வஞ்சிபாளையம் போன்ற இடைப்பட்ட ஊர்களுக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் ரயிலைவிட இருபது நிமிடத்துக்கு ஒன்று நிற்கும் சாதாரண மின்ரயில்தான் உதவும்.

ஒரே பவானி, ஒரே நொய்யல்

கோடுகள் பிரித்தாலும் பிரியாதது தண்ணீர். கோவை குடிப்பது சிறுவாணியும் பவானியின் பில்லூரும். திருப்பூருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பவானி நீர். அது போதாமல் 2000-களின் நடுவில் தனியார் பங்களிப்போடு, பவானி ஊருக்கு அருகே காவிரியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவினாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகையாகும் பவானி நீரில் 1.5 டிஎம்சியை மேட்டுக்கு ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது. இவை அத்தனைக்கும் நடுவே பவானிசாகர் கீழ்பவானி வாய்க்காலும், தடப்பள்ளி–அரக்கன்கோட்டையும், காலிங்கராயனும் பாசனத்துக்குக் காத்திருக்கின்றன. குடிநீருக்கே முதலுரிமை என்பதால் நகரம் கேட்கும் ஒவ்வொரு புதிய குழாயும் கடைமடை விவசாயியின் முறையைத்தான் தொடுகிறது. ஆனால் ஒவ்வொரு நகரமும் தன் திட்டத்தைத் தனியாகவே போடுகிறது. எல்லோர் தேவையையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் உள்ளாட்சி எதுவும் இல்லை.

நொய்யல் இதன் மறுபக்கம். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, சூலூர், திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மேலே இருப்பவர் விடுவதைக் கீழே இருப்பவர் வாங்க வேண்டும். கோவையின் சாக்கடை சூலூர்க் குளங்களுக்கு. திருப்பூரின் சாயம் ஒரத்துப்பாளையம் அணைக்கு. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அந்த அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியதற்குக் காரணம் வண்ணமல்ல, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டியாக வேண்டும். வண்ணத்தையும் கசடையும் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்கிவிடும். கரைந்த உப்பு அப்படியே வெளியேறும். அதைப் பிடிக்க சவ்வூடு வடிகட்டலும், மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும் ஆவியாக்கியும் வேண்டும், இரண்டுக்கும் மின்சாரமும் எரிபொருளும் ஏராளம். அந்தச் செலவை ஏற்க முடியாமல் இழுத்தடித்ததன் முடிவு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. அப்போது துணி நின்றுவிடவில்லை; சாயமேற்ற வெளியூர்களுக்கு லாரி ஏறியது. ஓர் ஊரில் மட்டும் விதி இறுகினால் கழிவு அடுத்த ஊருக்கு இடம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

குப்பையும் அப்படித்தான். கோவைக்கு வெள்ளலூரில் 600 ஏக்கருக்கு மேல் கிடங்கு இருந்தும் தீர்வில்லை. திருப்பூரில் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழி நிரம்பினால் அடுத்த ஊர்க் குழி, அடுத்த ஊர் மக்களின் மறியல்.

ஈரோடு வேறு கணக்கு

கோவை–திருப்பூர்ப் பிணைப்பை அப்படியே ஈரோட்டுக்கு நீட்டுவது அவசரம். திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஊத்துக்குளி, விஜயமங்கலம் பக்கம் இன்னும் மேய்ச்சல் காடும் தோட்டமும் அகலமாகவே உள்ளன. இணைப்பு பெருந்துறை சிப்காட் என்ற ஒற்றை முடிச்சில் நிற்கிறது. ஈரோட்டின் உண்மையான ஒட்டு கிழக்கே: காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், சற்று மேலே பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையம். இரண்டும் நாமக்கல் மாவட்டம். தறியும் சாயமும் சந்தையும் ஒன்று, பாலம் நடந்து கடக்கும் தூரம், ஆட்சியர் மட்டும் வேறு. ஈரோட்டுக்குப் பெருநகரத் திட்டம் என்று ஒன்று போட்டால் கோவையைவிட இந்தக் கரையைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.

எல்லையைச் சேர்த்தால் ஊர் சேருமா?

கோவை, திருப்பூர் மாநகராட்சிகளை ஒன்றாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கர்நாடகத்தில் 20 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த ஹுப்ளியையும் தார்வாடையும் 1962-இல் ஒரே மாநகராட்சியாக்கினார்கள். பணமெல்லாம் ஹுப்ளிக்கே போகிறது என்ற தார்வாடின் குறை அறுபது ஆண்டுகளாக ஓயவில்லை. தார்வாடுக்குத் தனி மாநகராட்சி அமைக்க 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 20 கிலோமீட்டருக்கே இந்தப் பாடு.

எல்லையைத் தொடாமல் வேலையை மட்டும் சேர்த்த இடங்களும் உண்டு. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதி நகரங்கள் 1920-இலேயே ஒரு கூட்டமைப்பு வைத்துச் சாலையையும் பசுமை இடைவெளிகளையும் பொதுவாகத் திட்டமிட்டன; நகராட்சிகள் தனித்தனியாகவே நீடித்தன. அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 1971-இல் வந்த சட்டப்படி, வணிக, தொழிற்சாலை வரி அடித்தளத்தில் கூடும் வளர்ச்சியின் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போய், எல்லா உள்ளாட்சிகளுக்கும் பகிரப்படுகிறது. நமக்கு மிகப் பொருத்தமானது இந்தக் கடைசி ஏற்பாடு என்பது என் கணிப்பு. தொழிற்சாலை ஓர் ஊராட்சியில் நின்று வரி கட்டுகிறது. அதன் தொழிலாளிகள் குடியிருக்கும் ஊராட்சிக்குக் குடிநீர்ச் செலவும் குப்பைச் செலவும் மட்டுமே. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை எந்த உள்ளாட்சியும் தொழிற்சாலையை விடாது, தொழிலாளர் குடியிருப்பை விரும்பாது.

தமிழ்நாடு எடுத்திருக்கும் வழி வேறு. 2022-இல் கோவை, திருப்பூர், மதுரை, ஓசூர் என்று நான்குக்கும் தனித்தனி நகர வளர்ச்சிக் குழுமங்கள் அறிவிக்கப்பட்டன. உள்ளூர்த் திட்டக் குழுமத்தைவிட வலுவான அமைப்பு என்பதால் முன்னேற்றம்தான். ஆனால் கோவைக் குழுமத்தின் வரைபடம் மாவட்டக் கோட்டருகே முடியும். திருப்பூரின் வரைபடம் அங்கே தொடங்கும். சோமனூருக்கும் மங்கலத்துக்கும் இடையே ஒரு சாலை எத்தனை அடி என்பதை இரண்டு அலுவலகங்கள் தீர்மானிக்கும். ஏணியின் குறுக்குப் படிகள் இருப்பது இந்த இடத்தில்தான்.

குடியிருப்பவருக்கு மாறுவது

ஊராட்சியை மாநகராட்சியில் சேர்க்கும்போது எதிர்ப்பு வருவது வெறும் அரசியலல்ல. கைக்கு வந்து சேரும் மாற்றங்கள் இவை:

1. நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடும். விவசாயக் கூலிக்குப் போகும் வயதான பெண்களுக்கு இதுவே முதல் இழப்பு.

2. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் உயரும். பாதாளச் சாக்கடைக்கான வைப்புத்தொகை பின்னால் வரும். சாக்கடை அதற்கும் பின்னால்.

3. நேரில் பார்த்துக் கேட்கக்கூடிய ஊராட்சித் தலைவருக்குப் பதில், பல ஆயிரம் பேருக்கு ஒரு வார்டு உறுப்பினர்.

4. கட்டட அனுமதி கடுமையாகும், ஆனால் வங்கிக் கடன் எளிதாகும்.

இடைப்பட்ட ஊரில் சைட் வாங்குபவர் பத்திரத்துக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. லேஅவுட் அனுமதி எண் எந்தக் குழுமத்தினுடையது. சர்வே எண்ணுக்கு முழுமைத் திட்டத்தில் என்ன நிலப்பயன்பாடு. திட்டச் சாலைக்கான கோடு அந்த எண்ணைத் தொடுகிறதா. மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கோடு தொட்டால் அந்த இடத்தில் வீட்டுக்கு அனுமதி கிடைக்காது, விற்கவும் ஆள் கிடைக்காது.

2027-இல் எண்ணப்படுவது

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் நிலவரம் எண்ணப்படுகிறதோ அந்த நாள், 2027 மார்ச் 1. நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-ஆம் தேதி நிலவரப்படி உறைய வைக்கப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு எந்த ஊராட்சி எந்த மாநகராட்சியில் சேர்ந்தாலும், எண்ணிக்கை பழைய கோட்டின்படியே வரும். 2011-இல் கோவைக்கு நடந்ததேதான். திருப்பூர்த் திரள் 10 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. கவனிக்க வேண்டியது கணக்கெடுப்பு நகரங்களின் பட்டியல். கருமத்தம்பட்டிக்கும் அவினாசிக்கும் நடுவிலும், காரணம்பேட்டைக்கும் பல்லடத்துக்கும் நடுவிலும் இருக்கும் ஊராட்சிகள் எத்தனை அதில் ஏறுகின்றனவோ, அத்தனைக்கு அந்த இரு திரள்களுக்கும் இடையிலான காலி இடம் ஏட்டிலும் குறையும். அது முழுதாக அடைபட்டாலும் இரண்டும் சட்டப்படி ஒரே பெருநகரமாகிவிடாது, ஏனென்றால் பெருநகரப் பகுதி என்ற அறிவிக்கையைக் கணக்கெடுப்பு தராது. அந்தக் கையெழுத்து சென்னையில் விழ வேண்டும்.